ஹெட்மாஸ்டருக்கு மாற்றல்!

பழைய பள்ளிக்கூடம் எதற்குள்ளாவது நுழைந்து தலைமையாசிரியர் அறையை எட்டிப் பார்த்தால், நாற்காலிக்குப் பின்னால் சுவரில் ஒரு பலகை தொங்குவதைக் காணலாம். "இப்பள்ளியில் பணியாற்றிய தலைமையாசிரியர்கள்" என்று மேலே கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும். கீழே வரிசையாகப் பெயர்கள். பெயருக்கு எதிரே வந்த தேதி, போன தேதி. பார்க்க வருகிறவர்கள் இதை ஓர் அலங்காரம் என்று எண்ணிப் பேசாமல் போய்விடுவார்கள். ஆனால் நிதானமாக நின்று வாசித்தால் அந்த ஊரின் அதிர்ஷ்டமும் துரதிர்ஷ்டமும் அந்தப் பலகையிலேயே தெரிந்துவிடும். நகரத்துப் பள்ளிக்கூடமானால் ஒரு பெயருக்கு ஐந்து வருஷம், அடுத்த பெயருக்கு ஏழு வருஷம் என்று கணக்கு வரும். சில பேர் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து பென்ஷனும் வாங்கியிருப்பார்கள். மலை மேலோ, கடலோரத்துக் கடைசிக் கிராமத்திலோ உள்ள பள்ளிக்கூடத்துப் பலகை வேறு மாதிரி. பத்து மாதம், ஒரு வருஷம் இரண்டு மாதம், நான்கு மாதம், பிறகு ஒரு பெயருக்குப் பக்கத்தில் "பொறுப்பு" என்ற ஒரு வார்த்தை. பலகையில் இடம் போதாமல் பெயர்களை நெருக்கி எழுதியிருப்பார்கள்.

ரயில்வே ஸ்டேஷனில் பிரயாணிகள் தங்கும் அறையில் நல்ல நாற்காலிகள் உண்டு. அவற்றில் உட்காருகிறவர்களும் கெட்டவர்கள் அல்ல. ஆனால் அந்த நாற்காலியின் கால் ஆடினால் ஆணியடித்துச் சரி செய்ய வேண்டுமென்று எந்தப் பிரயாணிக்காவது தோன்றுமா? அவருடைய காது ரயில் சத்தத்திலேயே இருக்கிறது. நம் நாட்டுக் கிராமப் பள்ளிக்கூடங்கள் பலவற்றில் தலைமையாசிரியரின் நாற்காலி இப்படிப்பட்ட நாற்காலியாகிவிட்டது.

கோடை விடுமுறை வந்துவிட்டால் ஆசிரியர் குடும்பங்களில் ஒரே பேச்சு மாற்றல்தான். மாம்பழம் என்ன விலை என்று விசாரிப்பதற்கு முன்னால், எந்த ஊர் காலி என்று விசாரிப்பார்கள். மாற்றல்களிலும் ஜாதிகள் பல உண்டு. தானே கேட்டு வாங்கிக்கொள்வது விருப்ப மாறுதல். இலாகா தானாகத் தூக்கிப் போடுவது நிர்வாக மாறுதல். இதற்கு உத்தரவில் எழுதியிருக்கும் காரணம் ஒன்று, ஊரார் சொல்லும் காரணம் வேறு. இரண்டு ஆசிரியர்கள் தங்களுக்குள் பேசி, உன் இடத்துக்கு நான், என் இடத்துக்கு நீ என்று மனுச் செய்துகொள்வதற்கு மனமொத்த மாறுதல் என்று பெயர். சர்க்கார் காகிதங்களில் இவ்வளவு அழகான சொல் வேறு எதுவும் இருக்குமா என்பது சந்தேகம். கல்யாண விஷயத்தில்கூட நம்மவர்கள் இவ்வளவு மன ஒற்றுமையை எதிர்பார்ப்பதில்லை! இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, பதவி உயர்வோடு ஒட்டிக்கொண்டு வரும் மாற்றல்.

பட்டதாரி ஆசிரியர் ஒருவர் பதினைந்து, இருபது வருஷம் பாடம் நடத்துகிறார். முன்னுரிமைப் பட்டியலில் மெல்ல மெல்ல மேலே வருகிறார். ஒரு நாள் உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியர் ஆகிறார். முதுகலை ஆசிரியரானால் மேல்நிலைப் பள்ளிக்குத் தலைமையாசிரியர். (பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகளைப் பள்ளிக்கூடத்தோடு சேர்த்துத் தமிழ்நாட்டில் மேல்நிலைப் பள்ளிகளை ஏற்படுத்தியது 1978-ம் வருஷத்தில்.) சம்பளம் உயருகிறது. கௌரவம் உயருகிறது. வீட்டில் பாயசம் வைக்கிறார்கள். பாயசம் ஆறுவதற்குள் கேள்வி வருகிறது: எந்த ஊர்?

காலியிடம் எப்பொழுதும் பிறர் போக விரும்பாத இடத்தில்தான் இருக்கும். ஏற்கெனவே தலைமையாசிரியர்களாக இருப்பவர்கள் முதலில் தங்களுக்குப் பிடித்த ஊரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அவர்கள் காலி செய்த இடமும், யாருமே தொடாத இடமும் மிச்சமாகின்றன. புதிதாகப் பதவி உயர்வு பெற்றவருக்கு அந்த மிச்சத்திலிருந்து ஓர் இலை போடுகிறார்கள். ஆகவே, நிர்வாகத்தில் கொஞ்சமும் பழக்கமில்லாத புதிய தலைமையாசிரியர், மிகவும் பழக்கம் வேண்டியிருக்கிற கஷ்டமான பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேருகிறார். அங்கே விழுந்து எழுந்து தொழிலைக் கற்றுக்கொள்கிறார். கற்றுக்கொண்ட தறுவாயில் ஊருக்குப் பக்கத்தில் ஓர் இடம் காலியாகிறது. போய்விடுகிறார். அவரை யார் குறை சொல்ல முடியும்? ஆனால் அந்த மலைப் பள்ளிக்கூடம் வருஷா வருஷம் யாருக்காவது தொழில் கற்றுக்கொடுத்துக்கொண்டே இருக்கிறது. அதன் பலனை அனுபவிப்பது வேறொரு பள்ளிக்கூடம்.

மாற்றல் என்பது நேற்று வந்த வியாதி அல்ல. வெள்ளைக்காரர் ஆட்சியில் கல்வி இலாகா உண்டான நாள் முதல் உபாத்தியாயர்கள் மூட்டை கட்டியபடியேதான் இருந்திருக்கிறார்கள். ஹிந்தி இலக்கியத்தின் பெருமையாக விளங்கும் பிரேம்சந்த் ஒரு பள்ளிக்கூட உபாத்தியாயர். 1900-ம் வருஷத்தில் மாதம் 20 ரூபாய்ச் சம்பளத்தில் பஹராய்ச்சில் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு பிரதாப்கட், அலகாபாத், கான்பூர் என்று ஊர் ஊராகப் போனார். பள்ளிக்கூடங்களைப் பார்வையிடும் உத்தியோகஸ்தராக ஹமீர்பூர் ஜில்லாவில் இருந்தபோதுதான், 1908-ல் அவர் வெளியிட்டிருந்த தேசபக்திக் கதைத் தொகுதிக்காக அதிகாரிகளின் கோபத்துக்கு ஆளானார், புத்தகங்கள் பறிமுதலாயின. அப்புறம் பஸ்தி, அதன் பின் கோரக்பூர். 1921 பிப்ரவரியில் மகாத்மா காந்தி கோரக்பூருக்கு வந்து பேசியதைக் கேட்டு, இருபது வருஷத்துச் சர்க்கார் உத்தியோகத்தை உதறினார். பிறகு கான்பூரில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியரானார். அங்கே நிர்வாகத்தாரோடு ஒத்துப்போகாமல் ஒரு வருஷத்துக்குள் அதையும் விட்டார். சர்க்கார் மாற்றியபோதெல்லாம் மூட்டை கட்டிய மனிதர், கடைசியில் தம்மைத் தாமே மாற்றிக்கொண்டார் என்று சொல்லலாம். அவருடைய கதைகளில் வரும் கிராமங்களும் கிராமத்து ஜனங்களும் இந்த மாற்றல்களால் நமக்குக் கிடைத்த லாபம். அவருடைய குடும்பத்தாருக்கு அது லாபமாக இருந்திருக்க நியாயமில்லை.

நம் பக்கத்திலும் ஓர் உதாரணம் இருக்கிறது. புதுச்சேரியிலே பாரதிதாசன் 1909-ல் காரைக்காலைச் சேர்ந்த நிரவியில் பிரெஞ்சு சர்க்காரின் தமிழாசிரியராகத் தொடங்கி, 1946-ல் ஓய்வு பெறும் வரையில் முப்பத்தேழு வருஷம் ஊர் மாறி ஊர் மாறி வேலை பார்த்தார். கவிஞர்களுக்கு மாற்றல் ஒருவேளை நல்லதோ என்னவோ. பள்ளிக்கூடங்களுக்கு நல்லதா என்பதே நம் கேள்வி.

பிரிந்து போகிற உபாத்தியாயரிடத்தில் ஊருக்கு எவ்வளவு பாசம் என்பதற்கு மைசூர்ச் சம்பவம் பிரசித்தமானது. 1921-ல் ராதாகிருஷ்ணன் மைசூர்க் கல்லூரியை விட்டுக் கல்கத்தா சர்வகலாசாலைக்குப் புறப்பட்டபோது, மாணவர்கள் அவருடைய வண்டியிலிருந்து குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாங்களே ஸ்டேஷன் வரை இழுத்துச் சென்றார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? 2018-ம் வருஷம் ஜூன் மாதத்தில், திருவள்ளூர் ஜில்லாவில் பள்ளிப்பட்டுக்கு அருகேயுள்ள ஒரு கிராமத்துச் சர்க்கார் பள்ளிக்கூடத்தில், மாற்றலாகிப் புறப்பட்ட ஆசிரியரைப் பிள்ளைகள் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அந்தப் படம் பத்திரிகைகளில் வெளிவந்து தேசமெங்கும் பரவிற்று. இலாகா அவருடைய மாற்றலைச் சில நாள் தள்ளி வைக்கும்படி ஆயிற்று. பூமாலையும் கண்ணீரும் பிரிவுபசாரமும் பார்க்க உருக்கமானவைதான். ஆனால் பிரிவுபசாரம் நடக்க வேண்டுமானால் உபாத்தியாயர் அந்த ஊரில் கொஞ்ச காலமாவது இருந்திருக்க வேண்டும் அல்லவா? நான்கு மாதத்தில் போகிறவருக்கு யார் மாலை போடுவார்கள்? அவர் வந்ததே பாதிப் பேருக்குத் தெரியாது.

தண்ணியில்லாக் காடு

"உன்னைத் தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவேன்!" என்று அதிகாரிகள் மிரட்டுவது தமிழ்நாட்டில் பழமொழி போலாகிவிட்டது. இந்த வார்த்தையைக் கேட்டதும் நம்மில் பலருக்கு ராமநாதபுரத்துச் சீமைதான் ஞாபகத்துக்கு வரும். ஜில்லா போர்டுகள் பள்ளிக்கூடங்களை நடத்திய காலத்தில் போர்டுத் தலைவருக்குப் பிடிக்காத ஹெட்மாஸ்டருக்கு இந்தக் காடு காத்திருந்தது. ஜில்லா போர்டுகள் போய்ப் பல்லாண்டுகள் ஆகியும் காடு மட்டும் போகவில்லை.

இந்த மிரட்டலில் ஒரு பெரிய அநியாயம் இருக்கிறது. அதை யாரும் கவனிப்பதில்லை. ஒரு மனிதரைத் தண்டிப்பதற்காக ஓர் ஊருக்கு அனுப்புகிறோம் என்றால், அந்த ஊரிலே பிறந்த குழந்தைகள் செய்த குற்றம் என்ன? அவர்களுக்கு ஆயுள் தண்டனையா? மேலும், தவறு செய்தவர் என்று இலாகாவே தீர்மானித்த ஒருவரை, தகப்பனார் எழுதப் படிக்கத் தெரியாத குழந்தைகளிடம் ஒப்படைப்பது எந்த நியாயத்தில் சேர்ந்தது? நோயாளி பிழைக்காத ஆஸ்பத்திரிக்குத்தான் மோசமான வைத்தியரை அனுப்புவோம் என்று சுகாதார இலாகா சொன்னால் நாம் சும்மா இருப்போமா? இந்தக் காட்டுக்குள் அடங்கிய ராமேசுவரத்திலிருந்துதான் ஒரு பையன் ராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ் ஹைஸ்கூலுக்குப் படிக்க வந்தான். அவனுக்கு நல்ல உபாத்தியாயர்கள் வாய்த்தார்கள். அந்தப் பையன் அப்துல் கலாம்.

தலைமையாசிரியர் அடிக்கடி மாறினால் என்ன குடி முழுகிவிடும் என்று சிலர் கேட்கலாம். பாடம் நடத்துவது மற்ற ஆசிரியர்கள்தானே? மணி அடிக்கிறது, வகுப்பு நடக்கிறது, மத்தியானம் சத்துணவு போடுகிறார்கள். உண்மைதான். ஒரு வருஷத்துக்கு ஒன்றும் தெரியாது.

கல்வராயன் மலையிலும் ஜவ்வாது மலையிலும் உள்ள ஜனங்கள் கூலி வேலைக்காகக் குடகுக்கும் கேரளத்துத் தோட்டங்களுக்கும் போகிறவர்கள். சமவெளிக் கிராமங்கள் பலவற்றில் தை மாதம் பிறந்ததும் செங்கல் சூளைகளுக்குக் குடும்பத்தோடு புறப்படுகிறவர்கள் உண்டு. பெற்றோருடன் பிள்ளைகளும் போய்விடுவார்கள். புதிதாக வந்த தலைமையாசிரியர் வருகைப் பதிவேட்டைப் பார்த்து, "ஏன் இத்தனை பேர் வரவில்லை?" என்று கேட்கிறார். இரண்டாம் வருஷத்தில் அவருக்குக் காரணம் தெரிகிறது. மூன்றாம் வருஷத்தில், மார்கழி மாதமே அந்த வீடுகளுக்குப் போய், "பாட்டியிடம் பிள்ளையை விட்டுப் போங்கள், காலையிலும் மத்தியானத்திலும் சாப்பாட்டுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது" என்று சொல்லத் தெரிகிறது. எட்டாம் வகுப்போடு எந்தப் பெண் நின்றுவிடுவாள், எந்த வீட்டில் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிட்டார்கள், யாரிடம் சொன்னால் அந்தத் தகப்பனார் கேட்பார் என்பதெல்லாம் எந்தப் பதிவேட்டிலும் இல்லாத விஷயங்கள். அவை தலைமையாசிரியரின் தலைக்குள் இருக்கின்றன. அவர் மாற்றலாகிப் போகும்போது சாவிக் கொத்தையும் ரொக்கப் புத்தகத்தையும் மேஜை நாற்காலிக் கணக்கையும் ஒப்படைக்கிறார். இதை ஒப்படைப்பதற்குப் படிவம் கிடையாது. அடுத்தவர் மறுபடியும், "ஏன் இத்தனை பேர் வரவில்லை?" என்பதிலிருந்து ஆரம்பிக்கிறார். அதற்குள் அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிடுகிறது.

மற்றொன்று. தலைமையாசிரியர் நிலையில்லாதவர் என்று தெரிந்துவிட்டால் பள்ளிக்கூடத்தில் அதிகாரம் வேறு கைகளுக்குப் போய்விடும். உள்ளூரிலேயே இருபது வருஷமாக இருக்கும் ஆசிரியரோ, குமாஸ்தாவோ, பஞ்சாயத்துப் பிரமுகரோ பள்ளிக்கூடத்தை நடத்துவார்கள். அவர்களில் நல்லவர்கள் இருந்தால் அந்த ஊரின் பாக்கியம். இல்லாவிட்டால் புதிய தலைமையாசிரியர் கையெழுத்துப் போடும் யந்திரமாகி, சனிக்கிழமை பஸ்ஸை எதிர்பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இரண்டு அடுப்பு

இதுவரை பள்ளிக்கூடத்தின் பக்கம் பேசினோம். தலைமையாசிரியரின் வீட்டுப் பக்கமும் பார்த்தால்தான் நியாயம்.

முன்காலத்தில் ஹெட்மாஸ்டர் மாற்றலானால் குடும்பமே கிளம்பும். ஆட்டுக்கல், அம்மி, ஊறுகாய் ஜாடி, தொட்டில், சுவாமி படங்கள் எல்லாம் கட்டை வண்டியில் ஏறும். புது ஊரில் இறங்கியதும் பால்காரர் யார், கிணற்றுத் தண்ணீர் உப்பா என்று அம்மாள் விசாரிப்பார். பிள்ளைகள் அப்பாவின் பள்ளிக்கூடத்திலேயே சேருவார்கள். ஹெட்மாஸ்டர் பிள்ளை அதே வகுப்பில் படிக்கிறான் என்றால் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு அதைவிடப் பெரிய காவல் என்ன வேண்டும்? இப்பொழுது அந்த வண்டி புறப்படுவதில்லை. வீட்டுக்கடன் வாங்கி ஜில்லாத் தலைநகரில் வீடு கட்டியாகிவிட்டது. மனைவிக்கு அங்கே உத்தியோகம். பிள்ளை நகரத்துப் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாம் வகுப்பு. அவனை அசைக்க முடியாது. ஆகவே தலைமையாசிரியர் மட்டும் போகிறார். பஸ் இருந்தால் தினம் இரண்டு மூன்று மணி நேரம் பஸ்ஸில். இல்லாவிட்டால் தாலுகா ஊரில் ஓர் அறை எடுத்துக்கொண்டு தாமே பொங்கிச் சாப்பிட்டு வெள்ளிக்கிழமை இரவு வீடு திரும்புகிறார். ஒரு குடும்பத்துக்கு இரண்டு அடுப்பு. பதவி உயர்வில் வந்த சம்பளத்தை இரண்டாவது அடுப்பு எரித்துவிடுகிறது.

பெண்களின் கஷ்டம் இதைவிட அதிகம். இன்று பள்ளிக்கூடங்களில் ஆசிரியைகள் நிறைந்திருக்கிறார்கள். ஆனால் இருபது வருஷம் காத்திருந்து கிடைக்கும் தலைமையாசிரியை பதவியை, "வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பழைய இடத்திலேயே நின்றுவிடும் பெண்மணிகள் உண்டு. மாமியாருக்குப் பக்கவாதம், பெண்ணுக்குப் பரீட்சை, கணவருக்கு வேறு ஜில்லாவுக்கு வர வழியில்லை. அப்படி எழுதிக் கொடுத்தவருடைய முறை மறுபடி வரச் சில வருஷங்கள் ஆகும். கணவர் மாற்றலானால் மனைவி கூடப் போக வேண்டும் என்று சாஸ்திரம் சொன்ன சமூகம், மனைவி மாற்றலானால் என்ன செய்வது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது!

இந்த நிலைமையில்தான் 2023 டிசம்பரில் வெளியான 243-ம் எண் அரசாணையைப் பற்றி ஆரம்பப் பள்ளி ஆசிரியர்கள் இவ்வளவு கலக்கம் அடைந்தார்கள். அதுவரை ஆரம்பப் பள்ளி ஆசிரியர்களின் முன்னுரிமைப் பட்டியல் ஒன்றியத்துக்கு ஒன்றாக இருந்தது. ஒன்றியத்துக்குள்ளேயே தலைமையாசிரியராகலாம், பழக்கமான பஸ், தெரிந்த ஜனங்கள். அரசாணை அதை மாநிலம் முழுவதற்கும் ஒரே பட்டியலாக்கிற்று. சில ஒன்றியங்களில் பதவி உயர்வே கிடைக்காமல் தேங்கி நின்றவர்களுக்கு இது நியாயம் என்று ஒரு கட்சி. ஊரை விட்டுப் போக முடியாத பெண்களுக்கு இது கதவடைப்பு என்று இன்னொரு கட்சி. இரண்டிலும் உண்மை இருக்கிறது. இதற்கு நடுவில் வழக்குகள் வேறு. 2025 செப்டம்பர் 1-ந் தேதி சுப்ரீம் கோர்ட் பதவி உயர்வுக்கும் ஆசிரியர் தகுதித் தேர்வு அவசியம் என்று தீர்ப்புச் சொல்லிற்று. வழக்குகள் எவ்வளவு நியாயமானவையாக இருந்தாலும், அவை நடக்கிற வரையில் நாற்காலி காலியாக இருக்கிறது. பக்கத்து அறையிலிருந்து ஒருவர் வந்து "பொறுப்பு" என்று கையெழுத்துப் போடுகிறார்.

கலந்தாய்வு முறையைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லாமல் போவது நன்றி கெட்ட செய்கையாகும். முன்பெல்லாம் நல்ல ஊர் வேண்டுமானால் சிபாரிசுக் கடிதம் வேண்டும். பெரிய மனிதர் வீட்டுத் திண்ணையில் காத்திருக்க வேண்டும். வேறு செலவுகளும் இருந்ததாகச் சொல்வார்கள். இப்பொழுது காலியிடங்களைக் கம்ப்யூட்டர் திரையில் எல்லாரும் பார்க்கக் காட்டுகிறார்கள். கண் பார்வையற்றவர்கள், சிறுநீரக மாற்றுச் சிகிச்சையோ இருதயச் சிகிச்சையோ செய்துகொண்டவர்கள், விதவைகள், ராணுவத்தில் இருப்பவரின் மனைவி என்று உண்மையில் கஷ்டப்படுகிறவர்களுக்கு முதலிடம். வரிசைப்படி கூப்பிட்டு, கேட்ட ஊருக்கு அங்கேயே உத்தரவு. இது பெரிய சீர்திருத்தம், சந்தேகமில்லை. ஆனால் அந்தத் திரைக்கு முன் உட்கார்ந்திருப்பவரிடம், "உமக்கு எந்த ஊர் வேண்டும்?" என்று கேட்கிறார்களே தவிர, அந்த ஊருக்கு எப்படிப்பட்டவர் வேண்டும், எத்தனை வருஷம் இருப்பார் என்று யாரும் கேட்பதில்லை. கேட்கத் தெரிந்த பெற்றோர் அந்த அறையில் இல்லை. 2021-22-ம் கல்வியாண்டுக்குரிய கலந்தாய்வு 2022 ஜனவரியில்தான் தொடங்கிற்று. பரீட்சைக்குச் சில மாதங்களே இருக்கையில் பிள்ளைகளுக்குத் தலைமையாசிரியர் மாறினார்!

பிற இடங்களில் எப்படி?

ஜப்பானியரைப் பார்ப்போம். அந்நாட்டில் தலைமையாசிரியர் மாறாமல் இருக்கிறார் என்று நினைத்துவிட வேண்டாம். சுமார் மூன்று வருஷத்துக்கு ஒரு முறை அவரும் மாறத்தான் மாறுகிறார். 1956-ல் செய்த சட்டத்தின்படி ஆசிரியர்களை நியமிப்பதும் மாற்றுவதும் மாகாணக் கல்விக் கழகத்தின் பொறுப்பு. ஏப்ரல் 1-ந் தேதி பள்ளிக்கூட வருஷம் தொடங்குகிறது. மார்ச் மாதக் கடைசியில் உள்ளூர்ப் பத்திரிகைகளில் மாற்றலானவர்களின் பெயர்கள் பக்கம் பக்கமாக வெளிவரும். பிள்ளைகள் காப்பிக் கடையில் பரீட்சை முடிவு பார்ப்பது போல் தங்கள் வாத்தியார் பெயரைத் தேடுவார்கள். குடும்பத்தை விட்டுத் தனியே போய் வேலை பார்ப்பதற்கு அங்கேயும் 'தான்ஷின் ஃபுனின்' என்று ஒரு சொல் இருக்கிறதென்றால், இரண்டு அடுப்பு ஜப்பானிலும் எரிகிறது என்றுதான் அர்த்தம். ஆனால் ஒரு வித்தியாசம். 1954-லேயே, தூரத்து மலைகளிலும் தீவுகளிலும் உள்ள பள்ளிக்கூடங்களுக்கென்று ஜப்பானியர் தனிச் சட்டம் ஒன்று செய்தார்கள். யுத்தத்தில் தோற்று, ஊரெல்லாம் சாம்பலாகி ஒன்பது வருஷந்தான் ஆகியிருந்தது. அந்த ஏழைத் தேசம், தீவுக்குப் போகிற ஆசிரியருக்கு வீடும் தனிப் படியும் கொடுக்க வேண்டும் என்று சட்டத்தில் எழுதிற்று. நாம் மலைக்குப் போகிறவருக்குக் கொடுக்கும் படி பஸ் கட்டணத்துக்குக்கூடப் போதாது. வீடோ, பல ஊர்களில் வாடகைக்கும் கிடையாது.

கொரியாவில் 1991 முதல் தலைமையாசிரியர் பதவிக்கு நான்கு வருஷம் என்று காலம் வகுத்திருக்கிறார்கள். இன்னும் ஒரு தடவை நான்கு வருஷம் நீடிக்கலாம். எப்போது போவார் என்று எல்லாருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அமெரிக்காவில் வேறு வகை. அங்கே மாற்றல் உத்தரவு அநேகமாய்க் கிடையாது. விளம்பரம் பார்த்து மனுப் போட்டு, பேட்டிக்குப் போய், வேறு ஊரில் வேலை தேடிக்கொள்வார்கள். ஆனால் பலன் என்ன? 2016-17-ம் வருஷத்துக் கணக்குப்படி ஒரு பிரின்ஸிபால் ஒரே பள்ளிக்கூடத்தில் இருந்தது சராசரி நான்கு வருஷம். ஒரு வருஷத்துக்குள் பதவியை விட்டோ பள்ளியை விட்டோ போனவர்கள் நூற்றுக்கு 18 பேர். ஏழைப் பிள்ளைகள் நிறைந்த பள்ளிக்கூடங்களில் மட்டும் பார்த்தால் நூற்றுக்கு 21. உத்தரவு போட்டு அனுப்பினாலும், திரையில் காட்டித் தேர்ந்தெடுக்கச் சொன்னாலும், அவரவர் இஷ்டத்துக்கு விட்டாலும், தண்ணீர் பள்ளத்தை நோக்கி ஓடுவது போல் தலைமையாசிரியர் மேட்டை நோக்கி ஓடுகிறார்!

நம் தேசத்திலேயே ஒரு நல்ல முயற்சி இருக்கிறது. சர்க்கார் உத்தியோகஸ்தர்களும் ராணுவத்தாரும் ஊர் ஊராக மாற்றலாகிறார்களே, அவர்கள் பிள்ளைகளின் படிப்பு கெடுகிறதே என்ற கவலையில் பிறந்தவைதான் கேந்திரிய வித்தியாலயங்கள். 1963-ல் இருபது ராணுவப் பள்ளிக்கூடங்களை எடுத்துக்கொண்டு தொடங்கி, இன்று ஆயிரத்து இருநூறுக்கு மேல் வளர்ந்துவிட்டன. ஜோத்பூரில் எந்தப் பாடத்தில் விட்டானோ அதே பாடத்தை மதுரையில் பையன் தொடரலாம். மாற்றலுக்காகவே பிறந்த இந்தப் பள்ளிக்கூடங்களில் பிரின்ஸிபாலும் மாற்றலுக்குத் தப்ப முடியாது. காஷ்மீரம் முதல் கன்னியாகுமரி வரை எங்கும் போக வேண்டியவர். அங்கே கஷ்டமான இடம், மிகவும் கஷ்டமான இடம் என்று வெளிப்படையாகப் பட்டியலே வைத்திருக்கிறார்கள். அங்கே குறித்த காலம் இருந்து முடித்தவருக்கு, அடுத்தபடி விரும்பிய ஊரைக் கேட்பதில் சலுகை. கஷ்டத்தைத் தண்டனையாக்காமல் கணக்கில் வரவு வைக்கிறார்கள்.

மாற்றலே கூடாது என்று சொல்ல வரவில்லை. நிர்வாகத்தார் நடத்தும் பழைய பள்ளிக்கூடங்களில் முப்பது வருஷம் ஒரே ஹெட்மாஸ்டர் இருந்ததுண்டு. ஆலமரம் போல நின்று தலைமுறைகளுக்கு நிழல் கொடுத்தவர்கள் அவர்களில் இருந்தார்கள். ஆலமரத்தின் அடியில் வேறு செடி முளைக்காது என்பதற்கு உதாரணமானவர்களும் இருந்தார்கள். ஐந்து வருஷம் என்பது நடுத்தரமான காலம். ஆறாம் வகுப்பில் சேர்ந்த குழந்தை பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிப் போகிறவரைக்கும் ஒரே தலைமையாசிரியர் என்றால் அது பெரிய ஆசையா? அந்த ஐந்து வருஷத்தை மலையில் முடித்தவருக்கு, அவர் கேட்கிற ஊரை வேறு எந்தச் சிபாரிசும் தாண்ட முடியாதபடி கொடுக்கட்டும். பழைய தலைமையாசிரியரும் புதியவரும் ஒரு வாரமாவது சேர்ந்து இருந்து, அந்தப் படிவத்தில் இல்லாத விஷயங்களைப் பேசிக்கொள்ளட்டும். பெற்றோர்களே பெரும்பாலோராக உள்ள பள்ளி மேலாண்மைக் குழுக்கள் சட்டப்படி இருக்கின்றன. பாதி உறுப்பினர்கள் பெண்கள். தலைமையாசிரியரை வருஷ நடுவில் எடுப்பதற்கு முன்னால் அந்தக் குழுவை ஒரு வார்த்தை கேட்கலாம்.

முக்கியமானது வீடு. பள்ளிக்கூடத்துக்கு ஸ்மார்ட் வகுப்பறை என்றும் சுற்றுச் சுவர் என்றும் பணம் ஒதுக்குகிறார்கள், நல்லதே. அதே வளைவுக்குள் இரண்டு அறையும் சமையலறையும் தண்ணீர்க் குழாயும் உள்ள ஒரு வீடு கட்டினால், தலைமையாசிரியை அங்கே பயமில்லாமல் குடியிருக்கலாம். மாமியாரையும் அழைத்துக்கொண்டு வரலாம். எங்கே முதலில் கட்டுவது என்று தெரிந்துகொள்ளக் கமிஷன் எதுவும் வைக்க வேண்டாம். அடுத்த கலந்தாய்வில் காலியிடப் பட்டியல் திரையில் வரும்போது ஒரு குமாஸ்தா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தால் போதும். முதல் அரை மணியில் மறைகிற ஊர்கள் சில. சாயங்காலம் விளக்கேற்றுகிற வரை மறையாமல் நிற்கிற ஊர்கள் சில. அந்தச் சாயங்காலத்து ஊர்களின் பெயர்களை மட்டும் ஒரு காகிதத்தில் எழுதி, பொதுப்பணி இலாகாவுக்கு அனுப்பிவிடலாம்.